ரோஜாப்பூ ஆட்சேபணை ஆகாது

ஐப்பசி 9, ஞாயிறு

குப்பை இன்றும் எரிந்தது. காலையில் துவைத்துப் போட்ட சேலையைச் சாயங்காலம் எடுத்தால் சுடுகாட்டுக்குப் போய் வந்த சேலை மாதிரி நாறுகிறது. பேத்தி நிவேதாவுக்கு மறுபடியும் இளைப்பு. அவள் அம்மா, என் மருமகள் சந்தனமாரி, ஜன்னலில் ஈரத்துணி கட்டியிருக்கிறாள். ஈரத்துணிக்குப் பயப்படுகிற புகை இல்லை இது.

ஜவுளிக்கடையில் கொடுத்த இந்த டைரி சும்மா கிடந்தது. எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்புதான். எழுத்து கோணலாக வரும். இருந்தாலும் எழுதுகிறேன். வீட்டில் வாயைத் திறந்தால் சண்டைக்குப் போகிறது.

இந்தக் குப்பை வந்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் ஏழாவது வார்டுக்குப் போனில் ஒரு குரூப் இருக்கிறது. நடத்துகிறவன் தளவாய். பல தடவை கவுன்சிலராக இருந்தவன். காலையில் குரூப்பைத் திறந்தால் பிள்ளையார், சூரியன், பூங்கொத்து, காலை வணக்கம். ஆவணி மாதம் ஒருநாள் இதற்கு நடுவில் பேரூராட்சி அறிவிப்பு ஒன்றையும் போட்டிருந்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால் செங்குளத்துக் கரையில் தற்காலிகமாகக் குப்பை கொட்டப்போகிறார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் மூன்று நாட்களுக்குள் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஒருத்தரும் படிக்கவில்லை. நானும்தான். காலையில் வருகிற எல்லாவற்றுக்கும் ஒரு ரோஜாப்பூ அனுப்புவது என் பழக்கம். அதற்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

லாரி வந்து கொட்ட ஆரம்பித்ததும் சந்தனமாரி ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். அங்கிருந்தவர் போனைத் திறந்து காட்டினாராம். "ஆட்சேபணை எதுவும் வரலயேம்மா. ஒரு ரோஜாப்பூ வந்திருக்கு, அவ்வளவுதான்."

ரோஜாப்பூ ஆட்சேபணை ஆகாதாம்.

வீட்டுக்கு வந்து அவள் என்னைத் திட்டவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஐப்பசி 10, திங்கள்

எங்கள் தெரு முழுக்கப் பீடி சுற்றுகிறவர்கள். கை இரண்டும் இலையிலும் தூளிலும் இருக்கும். போனைத் தொட முடியாது. அதனால் மடியில் இருக்கிற பீடித் தட்டின் ஓரத்தில் போனைச் சாத்திவைத்து, மைக்கை அமுக்கி மேலே தள்ளிப் பூட்டிவிடுவோம். அப்புறம் கை பாட்டுக்குச் சுற்றும், வாய் பாட்டுக்குப் பேசும். பேசி முடித்ததும் முழங்கையால் ஒரு தட்டு, போய்விடும். முழங்கையால் அனுப்புவதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை. திருப்பூரில் இருக்கும் மகள் முப்புடாதியோடு இப்படித்தான் பேசுகிறேன். பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் கேட்பாள்.

சந்தனமாரி இன்று எரிகிற குப்பையைப் படம் பிடித்து அரசாங்கத்தின் புகார்ப் பக்கத்தில் ஏற்றினாள். "நேரா மேலிடத்துக்கே போயிரும் அத்தே. தளவாய் வழியா போக வேண்டியதில்ல" என்றாள். அவள் முகத்தில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின களை.

ஐப்பசி 14, வெள்ளி

சந்தனமாரியின் போனில் செய்தி வந்திருக்கிறது. "தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது."

நான் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஐப்பசி 16, ஞாயிறு

மறுபடி போட்ட புகாருக்கும் இன்று தீர்வு காணப்பட்டது. நிவேதாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். புகை மருந்து வைத்தார்கள். புகைக்குப் புகை.

ஐப்பசி 21, வெள்ளி

தேர்தல் வருகிறது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தளவாய் நிற்க முடியாது. பெண்டாட்டி வடிவை நிறுத்துகிறான். அவளுக்கு நோட்டீசில் கும்பிடுகிற வேலை. பேசுகிற வேலை, போனை வைத்திருக்கிற வேலை எல்லாம் அவனுக்கு.

தளவாய் மீது எனக்கு என்ன என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். முதல் தடவை ஓட்டுக் கேட்டு வந்தபோது என் வீட்டு வாசலில் நின்று, "மதினி, ஜெயிச்ச மறுமாசம் இங்கன ஒரு குழாய் போட்டுத் தாரேன்" என்றான். வெள்ளைச் சட்டை, காலரில் மஞ்சள் கறை. குழாய் வந்தது, அவன் வீட்டு வாசலில். தெருவே கூடிக் கேட்டபோது, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றான். சொன்னதைச் செய்யாதது ஒரு பக்கம். சொல்லவே இல்லை என்றானே, அதை நான் விடமாட்டேன்.

வடிவு மீதும் ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகளாக நானும் அவளும் ஒரே தட்டில் இலை வெட்டினவர்கள். பிரமாச்சி என்ற என் பெயரை அவள் மட்டும் பிரமா என்று சுருக்குவாள். குழாய்ச் சண்டைக்குப் பிறகு பேச்சு நின்றது. அது போகட்டும். என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு அவள் வரவில்லை. ஊரே வந்தது. அவள் வரவில்லை.

சாயங்காலம் சந்தனமாரி, "நான் நிக்கப்போறேன், சுயேச்சையா" என்றாள். மகன் நயினாருக்குச் சோறு தொண்டையில் அடைத்தது.

"ஏட்டி, விளையாடுதியா? ஆட்டோக்காரன் பொண்டாட்டிக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

"ஆட்டோக்காரன் போடுவான்லா. ஒரு ஓட்டு வந்துட்டு."

"நான் போடுவேன்னு யாரு சொன்னா?"

"மறுப்பு சொல்லாட்டா சம்மதமாம். இப்ப அதுதான சட்டம்."

அவன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி 24, திங்கள்

இன்று கேட்டாள். வேறு விஷயம்.

"அத்தே, மனுத்தாக்கலுக்குக் கட்டணும், நோட்டீசு அடிக்கணும். அந்தப் பித்தளைத் தவலைய எடுக்கட்டுமா? பெறவு வாங்கித் தந்துருதேன்."

என் அம்மா சீர் கொடுத்த தவலை. வாய்ப்பக்கம் என் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வீட்டில் குழாய் இல்லாத காலமெல்லாம் என் இடுப்பில் இருந்தது.

நான் பதில் சொல்லவில்லை. இலையை வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஐப்பசி 27, வியாழன்

தவலை இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம்.

மத்தியானம் போனில் ஒரு குரல் வந்தது. யார் என்று எழுதப்போவதில்லை. "ஏ பிரமா, நான்தான். இந்த நேரம் அவரு தூங்குவாரு. நல்லா இருக்கியாட்டி?" ஒரு தடவை கேட்டதும் அழிந்துபோகிற மாதிரி அனுப்பியிருக்கிறாள். மறுபடி கேட்கலாம் என்று தட்டினேன். இல்லை.

நான் பதில் அனுப்பவில்லை. இன்றைக்கு அனுப்பவில்லை.

கார்த்திகை 3, புதன்

சந்தனமாரிக்குக் கத்தரிக்கோல் சின்னம் கிடைத்திருக்கிறது. பீடிக்காரிகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று தெருவில் ஒரே குதூகலம். அச்சடிக்கிற வேலையெல்லாம் சுரேந்திரன் பார்க்கிறான். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பையன், எம்.ஏ. படித்தவன். குப்பைப் புகையை வீடியோ எடுத்து அதில் சந்தனமாரியைப் பேசவைத்துப் போட்டான். கம்பம் நடுவது, மேடை போடுவது, மைக் கட்டுவது ஒன்றும் இல்லை. சமையல்கட்டில் நின்று பேசினாள், பக்கத்து ஊர்க்காரர்கள்கூடப் பார்த்துவிட்டார்கள். காய்கறிக்காரி என்னிடம் சொல்கிறாள்: "ஒங்க மருமக பேச்சு போன்ல வந்துச்சு. தங்கமான பேச்சு."

தங்கமாம். பித்தளைக்கே இங்கே வழியில்லை.

வீட்டில் எல்லாரும் வெளியே. மத்தியானம் மறுபடி அந்தக் குரல். "ஏ பிரமா, ஒரு வார்த்த பேசப்பிடாதா. ஒன் வீட்டுக்காரரு தவறுன அன்னைக்கு எங்க அவரு வெளிக்கதவப் பூட்டிட்டுப் போயிட்டாரு. நான் உள்ளயே கெடந்து அழுதேன்."

இத்தனை வருஷம் கழித்துப் பூட்டு வருகிறது. கொல்லைக் கதவு இருந்ததே, அந்த வீட்டுக்கு. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கார்த்திகை 5, வெள்ளி

இன்று கொஞ்சம் பேசினேன். மனசு லேசானது. மத்தியானத்தில் தூக்கம்கூட வந்தது.

கார்த்திகை 8, திங்கள்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் குரூப்பில் என் குரல் வந்தது. பூக்களுக்கு நடுவில். "எங்க அம்மா குடுத்த தவலைய வித்துப்போட்டா. தவலைய வித்தவ தெருவ விக்கமாட்டாளா? இவ ஜெயிச்சா இந்தத் தெருவையே தூக்கி வித்துருவா, பாத்துக்கோ." என்னுடைய இருமல்கூட அதில் இருந்தது. கீழே தவலை ஒன்றை வரைந்து, சந்தனமாரியின் தலையில் வைத்திருந்தார்கள். எழுத்தும் போட்டிருந்தார்கள்: தவலையை விற்றவளுக்கா உங்கள் ஓட்டு?

தெரு முழுக்கத் தட்டுத் தட்டாக என் குரல் கேட்டது. எல்லார் கையிலும் பீடி. நிறுத்தக்கூடக் கை ஒழியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் முடிந்தால் அடுத்த வீட்டில் ஆரம்பிக்கிறது. நான் கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாக வந்தது.

சந்தனமாரி அடுப்பைப் பற்றவைத்தாள். மத்தியானம் சோறு போட்டாள். எப்போதும் வைக்கிற ஊறுகாயை வைத்தாள். உப்பு, காரம் எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றாவது கூடக்குறைய இருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கார்த்திகை 9, செவ்வாய்

நயினார் தங்கச்சிக்குப் போன் போட்டு, கத்தினான். அம்மா அவளிடம்தானே எல்லாவற்றையும் சொல்லும். அவள் வீட்டுக்காரனுக்கும் தளவாய் மகனுக்கும் கூட்டு உண்டு. அப்படித்தான் போயிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டான்.

"நான் கேக்கவே இல்லண்ணே, எனக்கு அப்படி ஒண்ணும் வரலண்ணே" என்று முப்புடாதி அழுதது ஸ்பீக்கரில் கேட்டது. "அம்மாட்ட கேளுண்ணே."

நயினார் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நூல் கண்டைத் தேடினேன்.

அவன் போனை வைத்துவிட்டான்.

கார்த்திகை 10, புதன்

முப்புடாதி பேசவில்லை.

மத்தியானக் குரலும் வரவில்லை. அவளுடைய குரல் கேட்டதும் அழிந்துவிடும். என் குரல் அங்கேயே கிடக்கும். இது எனக்கு முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும்.

கார்த்திகை 12, வெள்ளி

சுரேந்திரன் ஒரு யோசனையோடு வந்தான். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சந்தனமாரி அடுப்படியில் நின்றாள்.

"பெரியம்மா, ஒரே ஒரு வீடியோ போதும். 'இது என் குரலே இல்ல, கம்ப்யூட்டர்ல ஏஐ வச்சு செஞ்சிருக்காவ'ன்னு சொல்லுங்க. இப்ப யாரு குரலையும் அப்படிச் செய்யலாம்னு ஊருக்கே தெரியும். ஒடனே நம்பிருவாவ. சைபர் கிரைம்லயும் ஆன்லைன்ல ஒரு புகார் போட்டுருவோம். அப்படியே அவிய பக்கம் திரும்பிரும்."

"போலீஸ் கண்டுபிடிக்காதா?"

"கண்டுபிடிக்கதுக்குள்ள எலக்சன் முடிஞ்சிரும் பெரியம்மா."

"நான் பேசுனத நான் பேசலன்னு சொல்லணும்."

"பேசலன்னு இல்ல. ஒங்க குரல் இல்லன்னு."

"ரெண்டும் வேற வேறயாய்யா?"

அவன் தலையைச் சொறிந்தான். எம்.ஏ. படித்தவன். சந்தனமாரியைப் பார்த்தேன். "அத்த இஷ்டம்" என்றாள். முகத்தைக் காட்டவில்லை. ஆனால் கரண்டி நின்றுவிட்டது. அவளுக்கு அது வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, ஓட்டுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. வேண்டாமா என்ன.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

கார்த்திகை 13, சனி

சேலை மாற்றித் தலை வாரி உட்கார்ந்தேன். சுரேந்திரன் போனை நிறுத்தி வைத்து, "சொல்லுங்க பெரியம்மா" என்றான். வாயைத் திறந்தேன். வெள்ளைச் சட்டையும் மஞ்சள் கறையுமாகத் தளவாய்தான் கண் முன்னால் நின்றான். நான் அப்படிச் சொல்லவே இல்லையே. அந்தத் தலையாட்டல், அந்தச் சிரிப்பு. இத்தனை வருஷமாக அவனைத் திட்டுகிறதற்கு எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதை இன்றைக்கு விட்டுவிட்டால் அப்புறம் எதை வைத்துத் திட்டுவது?

எழுந்துபோய் என் தட்டை எடுத்து மடியில் வைத்தேன். என் போனில் வார்டு குரூப்பைத் திறந்து, மைக்கைப் பூட்டினேன். ஒரு பீடி சுற்றுகிற நேரம் பேசினேன்.

"நான் பிரமாச்சி பேசுதேன். திங்கக்கெழம காலையில இருந்து சாயங்காலம் வர எல்லாரும் கேட்டியள்ளா, அது என் குரல்தான். கம்ப்யூட்டரும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. நாந்தான் சொன்னேன். ஒரு மாமியா மருமகளப் பத்திச் சொன்னது. இந்தத் தெருவுல சொல்லாத மாமியா யாராவது இருந்தா கைய தூக்குங்க. தவலைய எடுக்கட்டுமான்னு அவ எங்கிட்ட கேட்டா. நான் வாயத் தொறக்கல. வாயத் தொறக்காதத சம்மதம்னு எடுத்துக்கிட்டா. குப்பைக்கு நாம வாயத் தொறக்காததையும் அப்படித்தான எடுத்துக்கிட்டாவ. அவ தவலைக்குக் கேக்கவாவது செஞ்சா. நேருல வந்து நின்னு கேட்டா. அம்புட்டுதான்."

முழங்கையால் தட்டினேன். சுரேந்திரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சந்தனமாரி வெளியே போய்த் துணி எடுத்தாள். அந்த நேரத்தில் எடுக்க அங்கே துணியே இல்லை.

யாருக்குச் சொன்னேன் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. முப்புடாதி என்று அவர்களுக்கு ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

கார்த்திகை 15, திங்கள்

எதிர்வீட்டு மாமியார் ஒருத்தி வாசலில் நின்று, "நான் கைய தூக்கல மதினி. என் மருமக பாத்துக்கிட்டு இருந்தா" என்றாள். தெருவே சிரித்தது. அவள் மருமகளும் சிரித்தாள். ஆனால் வார்டின் அந்தப் பக்கம் ரைஸ் மில் தெருவில், "சொந்த மாமியாளே ஆமான்னு ஒத்துக்கிட்டாளே" என்று பேசிக்கொள்கிறார்களாம். எந்தச் சிரிப்பு ஓட்டாகும், எந்தச் சிரிப்பு ஆகாது என்று யாருக்குத் தெரியும்.

கார்த்திகை 20, சனி

ஓட்டுப் போட்டேன். கத்தரிக்கோலுக்கு. அமுக்கின பிறகும் விரலை எடுக்கவில்லை. மெஷின் கத்திவிட்டது.

வரிசையில் எனக்கு முன்னால் வடிவு நின்றாள். தளவாய் அவள் முழங்கையைப் பிடித்திருந்தான். அவள் திரும்பவில்லை. காதில் பாம்படம் தொங்கவிட்ட பழைய துளை, அதை மூடித் தைத்துக் கம்மல் போட்டிருக்கிறாள்.

கார்த்திகை 22, திங்கள்

தோற்றுவிட்டாள். ரொம்ப வித்தியாசம் இல்லை. இல்லாவிட்டால் என்ன, தோல்வி தோல்விதான். ரைஸ் மில் தெரு கவிழ்த்துவிட்டது.

வேனில் வடிவை மாலையோடு நிறுத்திக் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் வேண்டுமென்றே மெதுவாக விட்டார்கள். ஒருவன் தலையில் தவலையை வைத்துக்கொண்டு ஆடினான். குரூப்பில் வடிவின் நம்பரையும் அட்மின் ஆக்கி, பெயருக்குப் பக்கத்தில் கவுன்சிலர் என்று போட்டிருக்கிறார்கள். போன் தளவாயின் சட்டைப்பையில்.

சந்தனமாரி மீதி நோட்டீசுகளை அடுக்கிக் கட்டினாள். "பின்பக்கம் வெள்ளைதான அத்தே. நிவேதா கணக்குப் போடட்டும்" என்றாள். என்னால்தான் என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. சொல்லமாட்டேன் என்கிறாள்.

மார்கழி 1, செவ்வாய்

காலையில் கோலம், திருப்பாவை, பூசணிப்பூ. அதற்கு நடுவில் மறுபடியும் ஒன்று. இந்தத் தடவை நான் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். செங்குளத்துக் கரையில் குப்பைக் கிடங்கு நிரந்தரமாக அமைக்கப்படும். ஆட்சேபணை உள்ளவர்கள் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். தவறினால் சம்மதமாகக் கருதப்படும்.

சந்தனமாரி ஆபீசுக்கு ஓடினாள். ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதி, ஆதார் நகல் இணைத்து, நேரில் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்றார்களாம். சுற்றின பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிற நாளில் யார் போவது?

"நான் விடல அத்தே. 'அறிவிப்ப குரூப்புல குடுத்திய, ஆட்சேபணையும் குரூப்புலதான் வரும். வாங்கிக்க மாட்டோம்னா அத எழுதிக் குடுங்க, கோர்ட்டுல காட்டுதேன்'னு சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"எழுதிக் குடுக்க மாட்டாவளாம். அப்ப வாங்கிக்கிடத்தான வேணும்."

தோற்றவளுக்கு இவ்வளவு குரல் எங்கிருந்து வருகிறது.

மார்கழி 4, வெள்ளி

இன்று எங்கள் தெருவில் நடந்ததை எழுதவேண்டும். எல்லாரும் வாசலில் தட்டோடு உட்கார்ந்தோம். முதல் ஆளாக நான்தான். மைக்கைப் பூட்டினேன். "பிரமாச்சி, வடக்குத் தெரு. எனக்கு ஆட்சேபணை. பேத்திக்கு இளைப்பு." முழங்கை. அடுத்து எதிர்வீட்டுக்காரி. அவள் மருமகள். அதற்கடுத்த வீடு. பீடி சுற்றுகிற சத்தத்தோடு, இருமலோடு, பிள்ளை அழுகிற சத்தத்தோடு ஒவ்வொன்றாகக் குரூப்பில் போய் விழுந்தது. ஒருத்தி ஆட்சேபணை என்று சொல்ல வராமல், "வேண்டாம்னா வேண்டாந்தான்" என்றாள். காலை வணக்கம் எல்லாம் மேலே போய்விட்டது. பூ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

தெருவில் பாதி முடிவதற்குள் தளவாய் பூட்டுப் போட்டுவிட்டான். அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று வந்தது. முழங்கையால் தட்டுகிறார்கள், தட்டுகிறார்கள், போகவில்லை. மீதித் தெரு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது.

பூட்டிவிட்டுப் போவது அவனுக்குப் புதிது இல்லை.

மார்கழி 5, சனி

மத்தியானம் சந்தனமாரி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சோறு ஆக்க அவளுக்கு மனசில்லை. போன் சத்தம் கொடுத்தது. பூட்டின குரூப்பில் கவுன்சிலர் நம்பரில் இருந்து ஒரு குரல். அழிந்துபோகாத குரல்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குரூப்ப எப்படித் தொறக்கணும்னு எனக்குத் தெரியல. தொறக்கத் தெரிஞ்சா தொறந்து விட்டுருப்பேன். அதனால பாக்கித் தெருவுக்கும் சேத்து நானே சொல்லுதேன். நான் வடிவு, ஏழாம் வார்டு கவுன்சிலரு. குப்பைக்கு எனக்கு ஆட்சேபணை. நல்லா ஆட்சேபணை." பின்னால் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் தளவாய் எழுதிப் போட்டான்: "எச்சரிக்கை. கவுன்சிலரின் குரலை ஏஐ மூலம் போலியாக உருவாக்கி விஷமிகள் பரப்பியுள்ளனர். காவல்துறையில் புகார் அளிக்கப்படும்." அவன் கூட்டாளிகளும் அட்மின்தான். ஒவ்வொருத்தராகக் கும்பிடு போட்டார்கள்.

ஊரில் முக்கால்வாசிப் பேர் அதையும் நம்புவார்கள். வடிவு பேசி யார் கேட்டிருக்கிறார்கள்? தேர்தல் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டுதானே நின்றாள்.

சந்தனமாரி மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். "நெசமாவே அந்த அம்மாதானா அத்தே? இல்ல சுரேந்திரன் கிறுக்குத்தனமா எதையாவது செஞ்சுட்டானா? அப்படி இருந்தா நாளைக்கு நம்மளத்தான் பிடிப்பாவ."

"வடிவுதான்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அந்த வீட்டோட பேசியே எம்புட்டோ வருசம் ஆச்சே."

கல்லில் தோசை ஓரம் சிவந்துகொண்டிருந்தது. திருப்பிப் போடு என்று சொல்ல நினைத்தேன். நூல் கண்டு கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"போன மாசம் பேசுனா. மத்தியானத்துல. நானும் பேசுனேன்" என்றேன்.

அவள் கரண்டியோடு நின்றாள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகத்தில் அது ஏறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தவலக் கதைய அங்கயா சொன்னிய?"

"ஆமா."

தோசை கருகியது. அவள் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கல்லை இறக்கி வைத்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். இந்தத் தடவையாவது திட்டட்டும் என்றிருந்தது.

"நாத்தனா ஒரு மாசமா அழுதுக்கிட்டு கெடக்கா" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசிக் கேட்டதில்லை. "மொதல்ல அவட்ட சொல்லுங்க. பெறவு ஆபீசுல. திங்கக்கெழம கெடு முடியுது, ஆட்சேபணைய நேருல கூப்பிட்டு விசாரிப்பாவ. அது வடிவு குரல்தான்னு ஒங்களால மட்டுந்தான் சொல்ல முடியும். எப்படித் தெரியும்னு கேப்பாவ. எல்லார் முன்னாலயும் கேப்பாவ. தளவாய் இருப்பான். ஒங்க மகன் இருப்பாவ. சொல்லுவியளா?"

அவள் போகாமல் நின்றாள். அன்றைக்குத் தவலைக்கு நின்றாளே, அதே மாதிரி.

"சொல்லுதேன்" என்றேன்.

போனை எடுத்து முப்புடாதி பெயரைத் தேடிக் கொடுத்தாள். மைக்கைப் பூட்டவில்லை. என் கையில் இலை இல்லை, தூள் இல்லை. கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே பேசினேன். முடிகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

என் குரலை வடிவு அவளாகக் கொடுத்தாளா, தளவாய் போனில் இருந்து உருவினானா, எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை அவளைப் பார்த்தாலும் கேட்கப்போவதில்லை. என் வீட்டுக்காரர் சாவுக்கு வராததைத்தான் கேட்பேன். கொல்லைக் கதவு இருந்ததே.